இரண்டடி போதும்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது ஜாதகத்தில் உள்ள தோஷத்தைச் சொல்வதுபோல, யாராவது கேட்டால் மட்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறேன்.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் குடியிருக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன். தொழில் இது என்றாலும் வியாதி தொழிலைவிடப் பழையது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். பாதையோரத்து மின்கம்பங்களில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் எழுதியிருக்கும். மேலே இருப்பது கிலோமீட்டர். அந்த எண் மாறி, அடுத்து மாறுவதற்குள் எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, 3600ஐ அதனால் வகுத்தால் வண்டியின் வேகம் வந்துவிடும். 72 விநாடி என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர். 60 விநாடி என்றால் 60. குரோம்பேட்டை தாண்டியதும் இதை மனைவியிடம் அறிவிப்பேன். "பையை மறக்காம எடுங்க" என்பாள். ஒருமுறை வேகத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பை வண்டியோடு கடற்கரை வரை போய்விட்டது.

கடைக்குப் போனாலும் இதே கதைதான். 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற அட்டையைப் பார்த்ததும், "இது 33 சதவீதத் தள்ளுபடி இல்லை, 25 சதவீதம்தான்" என்று கடைப்பையனுக்கு வகுப்பெடுப்பேன். பிறகு, 25 சதவீதமும் நல்ல தள்ளுபடிதானே என்று நான்கு பாட்டில் பினாயிலோடு வீடு திரும்புவேன். எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டிலே நான்கு மாதம் வரும்.

கரண்ட் பில் விஷயம் இதைவிட மோசம். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறும் வரை தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஓர் அதிசயமான கணக்கு இருந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு யூனிட் 2 ரூபாய், மீதி முந்நூறுக்கு 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. மொத்தம் 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் விலை ஏறாது. பின்னால் இருக்கும் யூனிட்டுகளும் சேர்ந்து விலை ஏறிக்கொள்ளும். இரண்டாவது நூறுக்கு 3.50, அடுத்த முந்நூறுக்கு 4.60, அந்தக் கடைசி ஒன்றுக்கு 6.60, நிலைக்கட்டணம் 50. கூட்டினால் 1,786 ரூபாய் 60 பைசா. அதாவது 501வது யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 பைசா!

பிளஸ் ஒன் பாடத்தில் தொடர்ச்சியற்ற சார்பு என்று ஒன்று வரும். ஒரு புள்ளி வரை சாதுவாக வந்த கோடு திடீரென்று மேலே தாவிவிடும். புத்தகத்தில் இருக்கும் உதாரணங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது. கரும்பலகையில் கரண்ட் பில்லை வரைந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அப்படி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான் என் வீட்டில் விடுவேனா? கணக்கெடுக்கும் தேதி நெருங்கும்போது மீட்டர் 490ஐத் தாண்டியிருந்தால் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன். ஒரு மே மாதம் அப்படி அணைத்து வைத்தேன். கணக்கெடுப்பவர் அவருடைய சௌகரியத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் மாவு பொங்கி வழிந்து, தயிர் புளித்து, பால் திரிந்து, மனைவியின் முகம் எல்லாவற்றுக்கும் மேலாகத் திரிந்துவிட்டிருந்தது. மீட்டரோ 506 காட்டியது. ஃபேன் ஓடியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியவை. வீட்டுக் கணக்கு அப்படியில்லை.

2009இல் வீடு கட்டினோம். ஒரு கிரவுண்ட் மனை, 40க்கு 60, 2,400 சதுர அடி. அதில் ஆயிரம் சதுர அடிக்குக் கட்டடம். மேஸ்திரி செய்யாறு பக்கத்துக்காரர். பல வருஷமாக இந்தப் பக்கம்தான் வேலை செய்துகொண்டிருந்தார். அஸ்திவாரம் முடிந்து மேலே எழும்பும்போது கேட்டார்.

"பேஸ்மட்டம் எத்தனை அடி சார் வைக்கறது? நாலடி வெச்சுடலாமா?"

எல்லாரும் இரண்டு, இரண்டரை என்று வைத்துக்கொண்டிருந்த தெருவில் இவர் நாலடி என்றது எனக்கு அதிகமாகப் பட்டது. உடனே பேப்பரை எடுத்தேன். இரண்டடி கூட்டினால் ஆயிரம் சதுர அடிக்கு இரண்டாயிரம் கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் இருபது யூனிட் சவுடு. சுற்றிலும் அதற்கான செங்கல் கட்டு, நிரப்பித் திமிசு போடும் ஆள் கூலி, வாசலில் கூடுதல் படிகள் எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தைத் தொட்டது. அன்றைக்கு எனக்கு அது பெரிய பணம். வங்கிக் கடன் போதாமல் மனைவியின் வளையல்கள் ஏற்கெனவே அடகில் இருந்தன.

அடுத்துதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை ஏன் ஊகிக்க வேண்டும், கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாமே என்று பட்டது. சென்னையில் ஒரே நாளில் பெய்த பெருமழைகளைத் தேடிப் பார்த்தேன். 2005 அக்டோபரில் ஊரே மிதந்தபோது பெய்தது 27 சென்டிமீட்டர் சொச்சம். 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. 45 சென்டிமீட்டர் என்றால் 18 அங்குலத்துக்கும் கொஞ்சம் கம்மி. என் மனையின் காலி இடத்தில் விழும் மழை ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல், ஒரு சொட்டுக்கூட மண்ணுக்குள் இறங்காமல், அப்படியே நின்றாலும் ஒன்றரை அடிதான் நிற்கும். பேஸ்மட்டம் இரண்டடி. அரையடி மிச்சம்.

மேஸ்திரியிடம் பேப்பரைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"சார், வீட்டுக்குள்ள மழையா வரப்போவுது? தண்ணிதானே வரப்போவுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே மேஸ்திரி."

"மேற்கால பூரா ஏரி சார். ரொம்பி வழியற கலங்கல் எந்தப் பக்கம் பாயுதுன்னு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துருங்க" என்றார்.

"அது நம்ம மனைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னது இன்றைக்கும் சொல் சொல்லாக ஞாபகம் இருக்கிறது. அவர் அதற்குமேல் வாதாடவில்லை. வீட்டுக்காரர் பணம், வீட்டுக்காரர் இஷ்டம். இரண்டடி வைத்தோம். வாசலில் நான்கு படி, படிக்கு ஆறங்குலம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். பக்கத்து மனையில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் அதே மேஸ்திரியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பி.எஃப். பணத்தில் கட்டும் வீடு. மேஸ்திரி அவரிடமும் நாலடி என்றிருக்கிறார். அவருக்குப் பாதி மனசு. ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து, "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் பேப்பரை மறுபடியும் எடுத்தேன். 1976ஐச் சொன்னேன், 18 அங்குலத்தைச் சொன்னேன். "ரெண்டடி போதும் சார், தைரியமா வைங்க" என்றேன். கேட்பவர் தலையாட்டத் தலையாட்ட எனக்குக் குரல் உயரும், வாத்தியார் புத்தி. அவர் மேஸ்திரியிடம் போய், "சாரே கணக்குப் போட்டுச் சொல்லிட்டார்" என்று முடித்துவிட்டார்.

ஆறு மழைக்காலம் போனது. ஒவ்வொரு நவம்பரிலும் தெருவில் தண்ணீர் நிற்கும், வடியும். படி ஏறவில்லை. 2015 நவம்பரில்தான் முதல் தடவையாகக் கொஞ்சம் பயம் காட்டியது. அந்த மாதம் மட்டும் சென்னையில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மாத நடுவில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்தது. எங்கள் வாசலில் இரண்டாவது படி வரை வந்து நின்று, திரும்பிப் போனது. காம்பவுண்டுக்கு அந்தப்பக்கம் நின்ற ரயில்வேக்காரரிடம், "பார்த்தீங்களா, ஓரடியை ஒரு அங்குலம் தாண்டலை" என்றேன். அவரும் சிரித்தார். ஏரிகள் அத்தனையும் நிரம்பி, மண் குடிக்க முடிந்த வரை குடித்துவிட்டு, இனி விழும் ஒவ்வொரு சொட்டும் ஓடத்தான் வேண்டும் என்ற நிலையில் நாங்கள் இருவரும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே விடாத மழை. சாயங்காலம் கரண்ட் போனது. ஆறரை மணிக்குத் தண்ணீர் முதல் படியை மூடியது. எட்டு மணிக்கு இரண்டாவது படி. வாசல் தூணில் சாக்பீஸால் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். ஆறங்குலத்துக்கு ஒன்றரை மணி நேரம். அப்படியென்றால் ஹால் தரையைத் தொடப் பதினொரு மணி ஆகும், அதற்குள் மழை விட்டுவிடும். மனைவி கேஸ் சிலிண்டரையும் அரிசி டின்னையும் மேடை மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அவ்வளவு அவசரம் இல்லை" என்றேன். அவள் பதிலே சொல்லவில்லை. நல்லவேளை, நிறுத்தவும் இல்லை.

மூன்றாவது படி ஒன்பதுக்குள் மூழ்கியது. என் கோடு நேர்கோடாக இல்லை.

பத்து மணி வாக்கில் மழை குறைந்தது. கூரையில் இருந்த சத்தம் அடங்கி, தூறலாகி, ஒரு கட்டத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது. எனக்குப் பெரிய நிம்மதி. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தூணைப் பார்த்தேன். நான்காவது படியின் விளிம்பில் தண்ணீர் மினுங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே இருந்த சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று என் கண் எதிரிலேயே மூழ்கியது. பிறகு கோடு மூழ்கியது. டார்ச்சைத் தெருப்பக்கம் திருப்பினேன். தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே சுழித்துக்கொண்டு ஓடியது.

அந்த ஓட்டத்தில் பச்சையாக ஏதோ ஒன்று மிதந்து வந்து, எங்கள் கேட்டில் இடித்து, கம்பிகளின் நடுவே நுழைந்து, நான்கு படிகளுக்கும் மேலே மெதுவாக ஏறி, வாசற்படியைத் தாண்டி ஹாலுக்குள் வந்தது. ஆகாயத்தாமரை. வேரோடு, ஒரு கொத்து.

என் மனையில் பெய்த மழையில் ஆகாயத்தாமரை இருக்க நியாயமில்லை. அது ஏரியில் வளர்வது.

ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். கால் நனைந்தது தெரியவில்லை. மேஸ்திரி சொன்னது அப்போதுதான், ஆறு வருஷம் தாமதமாக, எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கில் எத்தனை குழாய் நிரப்புகிறது, எத்தனை குழாய் காலி செய்கிறது என்பதெல்லாம் கேள்வியிலேயே இருக்கும். 'கொடுக்கப்பட்டவை' என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். முடிச்சூரில் எனக்கு யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. நானே ஒன்று தயாரித்துக்கொண்டேன். அதில் என் மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் வானம் மட்டும்தான் திறந்திருந்தது.

"சார்!" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர்கள் வீட்டில் மாடிக்கு ஒரு இரும்பு ஏணிதான். அவர் மனைவிக்கு முழங்கால் வலி. ஏணி ஏற முடியாது. எங்கள் வீட்டுக்கு வெளிப்படிக்கட்டு உண்டு. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த அக்காவைத் தெரு வழியாகக் கூட்டிவந்தோம். இரண்டு கேட்டுக்கும் நடுவே முப்பது, நாற்பது அடி தூரம்தான். தண்ணீர் இடுப்புக்கு மேல் இழுத்தது. அந்த அக்கா ஒரு கையில் பிளாஸ்டிக் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே மாத்திரைகளும் பென்ஷன் புத்தகமும்.

மாடிப்படி முடியும் இடத்தில் இருந்த சின்ன அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். கீழே ஃபிரிட்ஜ் மல்லாந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது. இருட்டில் அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சார், இன்னும் எவ்வளவு ஏறும்?"

குரலில் கிண்டல் இருந்திருந்தால் தேவலை. அப்போதும் அவர் என்னை நம்பித்தான் கேட்டார்.

"தெரியலை சார்" என்றேன். டியூஷன் வாத்தியாரான பிறகு ஒரு கணக்குக் கேள்விக்கு நான் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹாலுக்குள் மூன்றரை அடி வரை ஏறி நின்றது. மறுநாள் படகில் வந்து இறக்கினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு மற்றவர்கள் போலவே நாங்களும் மெத்தையைத் தெருவில் எறிந்தோம், சேற்றை வாரினோம், நனைந்த சான்றிதழ்களைக் கொடியில் காயப்போட்டோம். கட்டிலுக்கடியில் ட்ரங்க் பெட்டியில் இருந்த என் கணக்கு நோட்டுகள், இருபது வருஷமாகப் போட்டு வைத்தவை, ஒரே கல்லாகியிருந்தன. பக்கத்து வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் அந்த அக்காவின் பட்டுப் புடவைகள் இருந்தன. ஒரு புடவையின் சிவப்பு மற்ற எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. "போனா போவுது" என்று பிழிந்தார்.

பேப்பரில் மழையளவு வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மனசு தன்னால் கணக்குப் போட்டது: 19 அங்குலம் சொச்சம். 1976ஐ மிஞ்சிய மழை அது. அப்படியும் என் இரண்டடியை எட்டவில்லை. மழையைப் பற்றி நான் போட்ட கணக்கு அணுவளவும் தப்பவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மேஸ்திரி சொன்ன நாலடி வைத்திருந்தாலும் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கும். இதையும் கணக்குப் போட்டேன். ஒன்றரை அடி என்றால் கட்டில் உயரம். மெத்தை தப்பியிருக்கலாம். பீரோவின் கீழ்த்தட்டு தப்பியிருக்காது, நடுத்தட்டு தப்பியிருக்கும்.

பிறகு பல நாள், 2009இல் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஓர் அழகு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சரியாக ஒரு கோடி லிட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆக, 49 சென்டிமீட்டர் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 49 கோடி லிட்டர். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளும் அவற்றுக்கு மேலே உள்ள ஏரிகளும் ஒன்று நிரம்பி இன்னொன்றில் விழுந்து, கடைசியில் அடையாற்றில் சேர்ந்து, எங்களை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். எத்தனை சதுர கிலோமீட்டரின் தண்ணீர் என் கேட் வழியாகப் போயிற்று என்று யோசிக்கும்போது, என் 2,400 சதுர அடியின் பங்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

டீக்கடையில் எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே திறந்த தண்ணீர் நமக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றில் சேர்கிறது, நம் வீட்டுக்குள் வந்தது மேலே இருந்து வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். "சார் மறுபடியும் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாருப்பா" என்றார் ஒருவர். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன். சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தெருவில் சரியாகச் சொல்லும் உரிமையை நான் ஏற்கெனவே செலவழித்திருந்தேன்.

செம்பரம்பாக்கத்தில் அன்று உச்சமாகத் திறந்ததாக அரசு சொன்ன அளவு விநாடிக்கு 29,000 கன அடி. லிட்டரில் எட்டு லட்சத்துக்கும் மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் பிடித்தால் விநாடிக்கு 68 லாரி. நாலே வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த ரயில் முழுக்கக் கொண்டுவந்த தண்ணீர், 2015 டிசம்பரில் மதகு வழியாக மூன்று விநாடியில் போயிருக்கிறது. அந்தக் கோடையில் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு, காலிக் குடங்களின் நடுவே உட்கார்ந்து இந்த வகுத்தலைப் போட்டேன். விடை வந்ததும் சிரித்துவிட்டேன். மனைவிக்குச் சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

'நூறு வருஷம் காணாத மழை' என்று எல்லாரும் பேசியபோது தெருவில் ஒரு நம்பிக்கை பரவியது: அடுத்தது 2115இல்தான். நூறு வருஷ வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று அர்த்தம். முப்பது வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர ஏறக்குறைய நூற்றுக்கு 26 வாய்ப்பு. எனக்கு இது தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல நினைத்தேன். ஒரு தடவை சொல்லி அவரை மூழ்கடித்தாகிவிட்டது, போதும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத் தெருக்களில் மறுபடியும் படகு வந்தது.

அதற்குள் அவர் இங்கே இல்லை. 2017இல் வீட்டை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டோடு போய்விட்டார். சுவரில் இருந்த தண்ணீர்த் தடத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் விலையைக் குறைத்தே கேட்டார்கள். கடைசியில் மனைக்கு மட்டும் விலை போட்டார்கள், கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை. எவ்வளவுக்குக் கட்டினார் என்று எனக்குத் தெரியும், எவ்வளவுக்கு விற்றார் என்றும் தெரியும். கழித்துப் பார்க்கவில்லை. போகிற அன்று வந்து, "சார், பேத்தி பிளஸ் ஒன் வந்துட்டா உங்ககிட்டதான் டியூஷனுக்கு அனுப்பணும்" என்றார். ஒருநாள்கூட அந்த இரண்டடியைப் பற்றி அவர் பேசியதில்லை. திட்டியிருந்தால் நான் 1976ஐயாவது இழுத்துச் சமாளித்திருப்பேன்.

இந்த வருஷம் வீட்டைத் தூக்கலாமா என்று யோசனை. சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே மூன்றடி, நாலடி உயர்த்துகிறார்கள். தெருவில் சாலை போட்டுப் போட்டு என் இரண்டடியில் ஓரடிக்கு மேல் விழுங்கியாயிற்று. வாசலில் இப்போது பேருக்கு ஒன்றரைப் படிதான். அளவெடுக்க வந்த கான்ட்ராக்டர் சுறுசுறுப்பான பையன். "வீட்டை நாலடி தூக்கிடலாம் சார். சுத்தி இருக்கிற காலி இடத்தையும் மூணடி மண்ணடிச்சு மேடாக்கிட்டா மழைத் தண்ணி உங்க கேட்டுப் பக்கமே வராது" என்றான்.

"அப்ப அது எங்க போகும்?"

"அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் சார்."

கொட்டேஷனை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு பேப்பரை எடுத்தேன். மனையில் கட்டடம் போக மீதி 1,400 சதுர அடி. மூன்றடி நிரப்பினால் 4,200 கன அடி, ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர். பத்து லாரித் தண்ணீர் நிற்கிற இடம். பெருவெள்ளத்தில் இது கடலில் கரைத்த பெருங்காயம். சாதாரண நவம்பர் மழையில் அப்படியில்லை, தெருத் தண்ணீர் தாழ்ந்த வாசலைத் தேடிப் போகும். எங்களுக்கு அடுத்துத் தாழ்ந்த வாசல், ரயில்வேக்காரர் விற்றுவிட்டுப் போன வீடு. அங்கே இப்போது கைக்குழந்தையோடு ஒரு சின்ன ஜோடி இருக்கிறது. மகேந்திரா சிட்டியில் வேலை. வந்த புதிதில் அந்தப் பையன் கேட்டான், "அங்கிள், நீங்க மேத்ஸ் சாராமே? நம்ம ஏரியாவுல தண்ணி எவ்வளவு வரும்?"

அன்றைக்கு, வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்று நழுவிவிட்டேன். நேற்று நானே போய்க் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் வருகிறான், நீயும் வா, உன் மனைப் படத்தையும் எடுத்துக்கொண்டு வா, இரண்டு மனையையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம் என்றேன். செய்யாறுக்கும் போன் போட்டேன். மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, வேலைக்கு வருவதில்லை. மகன்தான் எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் பின்னால் அவர் குரல் கேட்டது: "கலங்கலப் போய்ப் பாத்தாரான்னு கேளு."

இன்னும் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பையனுடைய பைக்கில் போவதாக இருக்கிறேன்.